மூன்று நாள் எழுதிய தாள்

கம்பெனியில் எங்கள் லைனில் தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிற பெண்ணே கிடையாது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். ரிலீவர் என்று ஒரு பெண் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் நகரலாம். நாற்பது பேருக்கு ஒரே ரிலீவர். அதனால் உத்தனப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறும்போதே வாயைக் கட்டிவிடுவோம். இடைவேளையில் ஒரு டீ, அவ்வளவுதான். பதினாறு வருடமாக இதைச் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சர்க்யூட் போர்டில் குறை பார்ப்பது என் வேலை. கடுகளவு ஈயம் தள்ளி விழுந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அப்படிப்பட்ட வேலையைத்தான் விட்டுவிட முடிவு செய்தேன். முதலில் தும்மினால் சிறுநீர் சொட்டியது. பிறகு தும்மவே தேவையில்லை, பாத்ரூம் கதவைக் கண்டாலே போதும் என்றாகிவிட்டது. ஒரு நாள் ரிலீவர் வருவதற்குள் நின்ற இடத்திலேயே நனைந்துவிட்டேன். மேலே போட்டிருந்த கோட்டு மானத்தைக் காப்பாற்றியது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், "வீட்டுல சரிப்பட்டு வரலம்மா, பொங்கலோட நின்னுக்கறேன்" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள் அவள். "என்னாக்கா திடீர்னு?" என்றாள்.

சர்க்கரையாக இருக்குமோ என்ற பயத்தில் ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரையும் இல்லை, கிருமியும் இல்லை. டாக்டரம்மா என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். கை கால் முறிந்தவர்கள் போகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அங்கே இருந்தவர் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடப் பெண். ஒரு தாளைக் கொடுத்து, மூன்று நாள் என்ன குடித்தேன், எப்போது போனேன், எப்போது சிந்தியது என்று எழுதச் சொன்னார். எனக்குத் தெரிந்த எழுத்து கம்பெனி எழுத்துதான். போர்டுக்கு எழுதுவது போலவே மணிக்கு மணி கட்டம் போட்டு, சின்னக் குறை, பெரிய குறை, காரணம் என்று நிரப்பிக் கொடுத்தேன். "ஹௌதா, அப்படியா!" என்று சிரித்தவர், படிக்கப் படிக்கச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அக்கா, நீங்களே பாருங்க. எந்த நாள்ல ரொம்ப சிந்துது?"

பார்த்தேன். வேலை நாள் இரண்டிலும் வெறும் டீயோடு காய்ந்து கிடந்திருக்கிறேன். அந்த நாட்களில்தான் பக்கம் முழுக்கப் பெரிய குறை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செம்பு செம்பாகக் குடித்திருக்கிறேன். ஒரே ஒரு சின்னக் குறை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்துமாம், டீ அதை இன்னும் கிளறிவிடுமாம். ஊர்ப்பட்ட சர்க்யூட் போர்டையெல்லாம் பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"களி, கீரை, மொச்சை தின்னுங்க. மலச்சிக்கல் போனா பைமேல அழுத்தம் கொறையும். இதயத்துக்கும் அதான் நல்லது" என்றார். பிறகு சிறுநீரைப் பிடித்து நிறுத்துகிற ஒரு தசையைப் பற்றிச் சொன்னார். வயிறும் தொடையும் அசையாமல் உள்ளே மட்டும் இறுக்கி, பத்து எண்ணி விட வேண்டும். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அப்படியொன்று என்னிடம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

ஏழெட்டு வாரம் தினமும் அதைச் செய்த பிறகு ஒரு நாள், லைனில் நிற்கும்போது அவசரம் முட்டிக்கொண்டு வந்தது. அவர் சொன்னபடி ஓடாமல் நின்று, நாலைந்து முறை சட்டென்று இறுக்கினேன். வந்தது அப்படியே அடங்கிப் போய்விட்டது. என் உடம்பு என் பேச்சைக் கேட்கிறது! கையிலிருந்த போர்டை முடித்து அடுத்ததை எடுத்தேன்.

அடுத்த முறை போனபோது, "இதையெல்லாம் யாரும்மா கண்டுபுடிச்சது?" என்று கேட்டேன்.

"உங்கள மாதிரிப் பொம்பளைங்கதான்க்கா. எங்கெங்கேயோ இருக்கிறவங்க இதே மாதிரி எழுதிக் குடுத்தாங்க. டாக்டருங்க எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாத்தாங்க."

பெயர் தெரியாத ஊரில், எனக்குப் புரியாத பாஷையில், ஒருத்தி புருஷனிடம்கூடச் சொல்லாததை "இன்றைக்கு மூன்று முறை" என்று எழுதியிருக்கிறாள். அது என்னைத் தேடி ஓசூர் வரைக்கும் வந்திருக்கிறது. அவள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மார்கழியில் சூப்பர்வைசரிடம் போய், நான் வேலையை விட்டு நிற்கவில்லை என்றேன். காரணம் கேட்டாள். மறுபடி பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மூத்திரம் அடக்க முடியலம்மா. அதான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன். ஓசூர்ல ஒருத்தங்க மூணு நாள் குடிச்சது, போனது எல்லாம் தாள்ல எழுதச் சொல்லிப் பாத்தாங்க, இப்ப சரியாயிட்டு வருது."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தவள், "கொழந்த பொறந்ததுலேர்ந்து எனக்கும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தாள். "எப்படி எழுதணும்க்கா?"

"காலைலேர்ந்து என்ன குடிச்சன்னு எழுது."

"ஒண்ணும் குடிக்கலியே."

மணி அப்போது மதியம் இரண்டு.