கதிர்வேல் வெளிநாடு போகாத கதை

கணபதி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துப் பேக்கரியில் நின்று தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரம். புது ஃபிளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு, செருப்புக் கடைக்குள் நுழைந்தது போல. அந்த வாடைக்கு நடுவே கதிர்வேல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கக்கத்தில் முட்டை மாதிரி ஒரு பந்து. பின்னால் ஒரு சிங்கம். சிங்கம் கொஞ்சம் கூச்சப்படுவது போலத்தான் எனக்குப் பட்டது. இந்திய ரக்பியின் கொங்குச் சிங்கம் ஓய்வு பெறுகிறது என்று போட்டிருந்தார்கள். ஓய்வு பெற வேண்டுமானால் அதற்கு முன்னால் கொஞ்சம் வேலை செய்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்கள் யோசிப்பதில்லை. கீழே வட்டம் வட்டமாகக் கைகூப்பிய முகங்கள். அதில் ஒருத்தருக்காவது ரக்பியில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று தெரிந்திருந்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன். எடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

அன்று சாயங்காலமே விழாக் கமிட்டியிலிருந்து போன் வந்துவிட்டது.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம காலைல விழாவுங்க. கூட ஆடுனவரு நீங்க. ஒரு அஞ்சு நிமிசம் பேசோணும்ங்க."

நான் எட்டாம் வகுப்பிலேயே இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவன், மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை என்றேன். அதெல்லாம் வேண்டாம், நீங்கள் தமாஷாகப் பேசுவீர்களாமே, நாலு வார்த்தை போதும் என்றார். சரி என்றுவிட்டேன். மேடை, சால்வை என்றால் யாருக்குத்தான் கசக்கும்.

போனை வைத்த பிறகுதான் மாட்டிக்கொண்டது உறைத்தது. ஏனென்றால் கதிர்வேலைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான். அவன் மட்டும் அன்றைக்கு அந்த வெளிநாட்டு கிளப்புக்குப் போயிருந்தால் இன்று உலகமே தலையில் வைத்து ஆடியிருக்கும். என்ன செய்வது, சாமி உத்தரவு கொடுக்கவில்லை. இப்படித்தான் சொல்வார்கள். உத்தரவு கொடுக்காதது சாமி இல்லை, நான். பதினைந்து வருடமாக எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி அது. மேடையில் அதை உடைத்துவிடுவதா, இல்லை நாலு ஜோக்கைச் சொல்லிவிட்டு சால்வையோடு இறங்கிவிடுவதா? ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தேங்காய் பன் மட்டும் இறங்கியது.

அந்தக் காலத்தில் நான் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தேன். இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, பால் மாதிரி வெள்ளையாக ஒரு தண்ணீர், அந்த நாற்றம் சனிக்கிழமை சோப்புப் போட்டாலும் ஞாயிற்றுக்கிழமை தயிர்சோற்றில் வரும். அந்தக் கையோடுதான் ஞாயிறு காலையில் சூலூர் பஸ் ஏறுவேன். குளத்துக்கு அக்கட்டால ஒரு பொட்டல். ஏர்ஃபோர்ஸில் வேலை பார்த்த ஒரு பஞ்சாபிக்காரர் அங்கே ஒரு பந்தோடு நிற்பார். ரக்பி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவர் வந்துதான் எங்களுக்குத் தெரியும். முதல் நாள் அந்தப் பந்தைப் பார்த்துவிட்டு, முட்டைக் கம்பெனி விளம்பரத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து பேட்டா எவ்வளவு என்று கேட்டவன் நான். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. கெட்ட வார்த்தை மட்டும் இரண்டு பக்கமும் சீக்கிரம் பழகிக்கொண்டோம். அதை வைத்தே முழு ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டார், பாவம்.

என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயம்தான். பந்து எங்கே வராதோ அங்கே என்னை நிறுத்துவார்கள். ஒருநாள் தவறிப்போய் வந்துவிட்டது. நான் அப்படியே கீழே உட்கார்ந்துகொண்டேன். அது ஒரு உத்தி என்று எதிர் டீம்காரர்கள் நினைத்து இரண்டு பேர் தடுமாறி விழுந்தார்கள். பஞ்சாபிக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் விளையாட்டு வாழ்க்கையின் உச்சம் அதுதான்.

கதிர்வேல் பல்லடத்துப் பக்கத்திலிருந்து வருவான். அவன் அப்பாவுக்குக் கறிக்கோழிப் பண்ணை. கோழி எடுக்க வண்டி வரும் நாளில், ஷெட்டுக்குள் ஆயிரக்கணக்கில் அலறிக்கொண்டு ஓடுகிற கோழிகளைக் குனிந்து காலைப் பிடித்துத் தூக்க வேண்டும், கைக்கு நாலு நாலாக. நிமிர்ந்து நின்று பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் சிக்காது. சின்ன வயதிலிருந்தே அதைச் செய்தவன் அவன். அந்தக் குனிவு அப்படியே மைதானத்துக்கு வந்துவிட்டது. எதிரே எருமை மாதிரி ஒருத்தன் வருவான். நாங்கள் மார்பைப் பார்த்துப் பயந்து வழிவிடுவோம். இவன் கணுக்காலைப் பார்ப்பான். ஒரே அமுக்கு, எருமை தரையில். அவனைப் பற்றி இவ்வளவு கேவலமாகப் பேசுகிற நானே சொல்கிறேன், அதைப் போல ஒரு அழகை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பஞ்சாபிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாது.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வான். அமுக்கிய பிறகு பந்தைப் பறித்துக்கொண்டு ஓட வேண்டுமே, அது வராது. விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்குவான். முதுகில் மண் தட்டிவிடுவான். "அடி கிடி பட்டுருச்சுங்களா?" என்று கேட்பான். அதற்குள் அவர்கள் டீமில் வேறொருவன் பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் கோட்டைத் தாண்டியிருப்பான். கொங்கு நாட்டு மரியாதையால் தோற்ற ஒரே ரக்பி டீம் நாங்களாகத்தான் இருப்போம். ரொம்ப நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சும்மா இருக்கிறவனை நல்லவன் என்று சொல்லிவிடுவது எங்கள் ஊரில் வழக்கம்.

பஞ்சாபிக்காரர் விடவில்லை. எங்கேயோ பேசி, வீடியோ எடுத்து அனுப்பி, கடல் தாண்டி ஒரு கிளப்பிலிருந்து கடிதம் வரவழைத்துவிட்டார். இரண்டு வருடம் அங்கேயே தங்கி ஆட வேண்டும். சாப்பாடு, இடம் எல்லாம் அவர்களே. கதிர்வேலின் அப்பா அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்.

"சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். வெள்ளை வந்தாப் போகட்டும்."

எங்கள் பக்கத்தில் போர்வெல் போடுவதானாலும் பூ, பெண் கொடுப்பதானாலும் பூ. ஒரு இலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, வெளியே தெரியாமல் கட்டி சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். அவர்கள் குலதெய்வக் கோயிலில் வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். கட்டுகிறவன் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது, இதில் லாப நஷ்டம் இல்லாத ஒருத்தனாக இருக்க வேண்டும். அப்படி ஒருத்தன் என்று அவர்கள் தேடிப் பிடித்தது என்னை.

கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கட்டினேன். மடியில் வெள்ளை அரளி இருந்தது, சிவப்பு அரளி இருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அவன் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று மட்டும் தோன்றியது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போகிற வரைக்கும்தான் நானும் ஆட்டக்காரன். அவன் இல்லையென்றால் ஏழு நாளும் நான் ஷாஃப்ட் கடைகிறவன். இரண்டு இலையிலும் சிவப்பை வைத்துக் கட்டினேன். வெள்ளையை வேட்டியில் முடிந்துகொண்டேன். எடுத்தது அவன் அம்மா. பிரித்துப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, போகாமல் இருக்கப்போகிறானே என்ற சந்தோஷத்தில். மீதிப் பொட்டலத்தைக் கதிர்வேலே எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தான். பஞ்சாபிக்காரரிடம் விஷயத்தைச் சைகையில் சொன்னது நான்தான். பூவைக் காட்டினேன், வானத்தைக் காட்டினேன், கையை விரித்தேன். அவர் ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் நடந்ததைத்தான் ஃபிளெக்ஸில் சிங்கம் என்று போட்டிருக்கிறார்கள். இந்திய டீமுக்குக் கூப்பிட்டார்கள், போனான். பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகாமுக்குக் கூப்பிட்டால் கோழி எடுக்கிற நாளுங்க என்பான். கோழி எடுக்காத நாளில் சொந்தபந்தம், ஒறம்பரை வூட்டுக் கல்யாணம். தோற்றுவிட்டு வந்தாலும் ரயில்வே ஸ்டேஷனில் மாலை போட்டார்கள். எங்கே ஆடினான், யாரோடு ஆடினான் என்று மாலை போட்டவர்களுக்கும் தெரியாது, போகப் போக அவனுக்கே சரியாக நினைவில்லை. வயிறு வந்தது. கணுக்காலைப் பார்த்துக் குனிந்தவன் தன் காலையே பார்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்டான். ஆனால் பேட்டியில், கல்யாணத்தில், டீக்கடையில் எங்கே பார்த்தாலும், "அன்னைக்கு மட்டும் போயிருந்தா..." என்று தொடங்கி ஒரு பெருமூச்சு விடுவான். கேட்கிறவர்களும் விடுவார்கள். நான் மட்டும் வேறு பக்கம் பார்ப்பேன். அவனைக் கிண்டல் செய்வதையே பிழைப்பாக வைத்திருந்தேன். அப்படிச் செய்துகொண்டிருந்தால் நான் கெடுத்தது பெரிதாகத் தெரியாது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சூலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை ரூமில் கதிர்வேல் பட்டு வேட்டியில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். கதவைச் சாத்தினேன். மேடையில் உடைப்பதற்கு முன்னால் இவனிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று தோன்றியது. பதினைந்து வருடத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, அடிப்பான் என்று கன்னத்தையும் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவன் பஜ்ஜிக் காம்பைத் தட்டில் வைத்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா மாப்ள."

எனக்குப் புரியவில்லை.

"வாய்க்கால்ல வுடறதுக்கு முன்னால பிரிச்சுப் பாத்துப்போட்டேன். அதுலயும் செவப்பு."

"அப்பறம் ஏண்டா என்னைக் கேக்கல?"

"கேட்டாப் போகோணுமல்லோ."

சொல்லிவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்தான். கொஞ்சம் மென்ற பிறகு, அங்கே போய் நாம் ஒன்றுமில்லை என்று தெரிந்துபோயிருந்தால் என்ன செய்வது என்று அவனாகவே கேட்டான். இங்கேயே இருந்ததால், அன்றைக்குப் போயிருந்தால் பெரிய ஆளாகியிருப்பான் என்று சொல்லவாவது செய்கிறார்கள் என்றான். "நீ செஞ்சது நல்லதுதான் போ. மேடைல சாமின்னே சொல்லிப்போடு, கண்ணு."

நான் மேடைக்குப் போனேன். மைக்கைத் தட்டினேன். சாமியின் மேல் பழி போடாதீர்கள், இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு வைத்தது நான், அது அவனுக்கும் தெரியும் என்று அப்படியே சொன்னேன். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கமிட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதிர்வேல்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். எனக்குச் சால்வை போட்டார்கள்.

வெளியே வந்து குளத்துப் பக்கம் நடந்தேன். பொட்டல் இருந்த இடத்தில் இப்போது தகர ஷெட் போட்ட நூல் குடோன்கள், வரிசையாக லாரிகள். எந்த இடத்தில் உட்கார்ந்து நான் இரண்டு பேரை விழ வைத்தேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதுகூடப் போகட்டும். பதினைந்து வருடமாக என் மனசுக்குள் ஒரு ஆட்டக்காரன் ஓடிக்கொண்டே இருந்தான். ஏதோ ஒரு நாட்டில், பச்சைப் புல்லில், எருமை எருமையாக அமுக்கிவிட்டு, யாரையும் தூக்கிவிடாமல் பந்தோடு ஓடுகிறவன். நான் தடுத்திருக்காவிட்டால் இருந்திருக்க வேண்டியவன். நாலு பேரைச் சிரிக்க வைத்ததைத் தவிர என் வாழ்க்கையில் நான் பெரிதாகச் செய்தது அவனைக் கெடுத்தது ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன். ஷெட்டுகளுக்கு நடுவே நின்று கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். அவனைக் காணவில்லை.