கடலுக்கு விளங்காத சொல்

பிள்ளைகளே, சின்ன மாமாவின் வலது கணுக்காலில் உள்ள தழும்பு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அதைச் சொல்வதென்றால் ஜப்பான்காரரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் குருநகருக்கு இயந்திரப் படகுகள் வந்தபோது, எஞ்சின் வேலை பழக்க ஜப்பானில் இருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். தமிழ் தெரியாது, ஆங்கிலமும் கொஞ்சம்தான். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால், அவருக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் நின்று கதைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

அவர் கீழே எஞ்சின் அறையில் நிற்பார். நாங்கள் மேலே வலை இழுப்போம். மேலே நடப்பது அவருக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். எங்கள் ஆட்களோ எல்லாவற்றுக்கும் "மாதாவே" என்றுதான் கூப்பிடுவார்கள். படகு தள்ளும்போதும் அதுதான், வலை நிறைந்தாலும் அதுதான், வலை கிழிந்தாலும் அதுதான். ஆபத்தைக் குறிக்கிற சொல் எதையும் கடலில் வைத்து வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் அது வந்துவிடும் என்று பயம்.

ஆபத்து என்றால் கீழே நிற்கிற தனக்கு எப்படித் தெரியும் என்று ஜப்பான்காரர் ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. கரைக்கு வந்ததும் தண்டையலிடம், அதாவது படகை நடத்துகிறவரிடம், சொன்னேன்.

"எங்கடை பாஷையிலை அந்தச் சொல்லு என்ரை போட்டிலை ஏறக் கூடாது," என்றார் அவர்.

"எமர்ஜென்சி எண்டு சொல்லுவமோ, அண்ணை?"

"இங்கிலீசு எண்டால் கடலுக்கு விளங்கும். எத்தினை வெள்ளைக்காரன்ரை கப்பல் ஓடின கடல்."

"அப்ப ஜப்பான் பாஷையிலை?"

கொஞ்சம் யோசித்தார். "அது விளங்காது. கேட்டுப் பார்."

மீன்பெட்டியில் கரியால் அந்த ஆங்கிலச் சொல்லை எழுதிக் காட்டினேன். ஜப்பான்காரர் தன் சின்ன அகராதியைப் புரட்டி, "ஹிஜோ ஜிதாய்" என்றார்.

உங்கள் மாமாவும் எங்கள் படகில்தான் வேலை செய்தார். அப்போது கலியாணம் ஆகவில்லை, வாயும் கொஞ்சம் கூட. "அத்தான், உதைச் சொல்லி முடிக்க முதல் போட் மன்னாருக்குப் போயிடும்," என்றார்.

எனக்கும் அது கத்துகிற சொல்லாகப் படவில்லை. ஒரு துடுப்பைத் தூக்கி, மாமாவின் தலையில் போடப் போவதுபோல் ஓங்கினேன். ஜப்பான்காரர் பதறி எழும்பி, "அபுனை" என்று கத்தினார். நான் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "அபுனை?" என்று கேட்டேன். அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டு அகராதியை மூடினார். ஆபத்துக்கு எங்கள் சொல் கிடைத்துவிட்டது.

சில கிழமைகள் கழித்து மண்டைதீவுக்கு அப்பால் வலை இழுத்தோம். அன்று நல்ல மீன். வலை கனத்துக்கொண்டு வர எல்லாரும் "மாதாவே" என்று கூப்பிட்டார்கள். கீழே நின்றவரும் சந்தோஷத்தில் எஞ்சினின் வேகத்தைக் கூட்டினார். கயிற்றைச் சுற்றி இழுக்கிற உருளை விரைவாகச் சுழன்றது. படகுத் தளத்தில் கிடந்த கயிற்று வளையம் ஒன்று மாமாவின் காலைப் பிடித்தது. அவர் விழுந்தார். கயிறு அவரை உருளைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"மாதாவே, மாதாவே" என்று எல்லாரும் கத்தினார்கள். மாமாவும் அதைத்தான் கத்தினார். இன்னும் மீன் ஏறுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, கீழே எஞ்சின் இன்னும் வேகமாக ஓடியது.

நான் எஞ்சின் அறை வாசலில் குப்புற விழுந்து, தலையை உள்ளே நீட்டி, "அபுனை, அபுனை" என்று கத்தினேன். எஞ்சின் நின்றது. அந்த அமைதியில்தான் மாமா அழுவது கேட்டது. கால் உருளையைத் தொடாமல் நின்றிருந்தது.

ஜப்பான்காரர் மேலே ஓடி வந்து கயிற்றைக் கத்தியால் வெட்டினார். புதுக் கயிறு. தண்டையலே அதை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார். தோல் உரிந்து இரத்தம் ஓடியது, ஆனால் எலும்பு தப்பிவிட்டது.

அடுத்த நாள் காலை தண்டையல் எங்கள் வீட்டுப் படலை வாசலில் வந்து நின்றார். "நிப்பாட்டு, மெல்ல, பின்னுக்கு, இதுகளுக்கும் அந்தாளிட்டைக் கேட்டுச் சொல்லு. எல்லாரும் பாடமாக்க வேணும்."

கடற்கரையில் வலைகள் வைக்கிற வாடியில் ஜப்பான்காரரைச் சுற்றி இருந்தோம். மாமாவையும் சைக்கிள் பாரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கட்டுப் போட்ட காலை வலைக் குவியலில் நீட்டிக்கொண்டு, "எனக்கு முதல் நிப்பாட்டைச் சொல்லித் தாங்கோ, அத்தான். மற்றதெல்லாம் ஆறுதலாப் படிக்கிறன்," என்றார்.