லீட்ஸில் இரண்டு பானைகள்

காஞ்சிபுரத்தில் பிறந்த முனீர் அகமது, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பதினேழு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறார். அங்குள்ள தமிழ் முஸ்லிம் குடும்பத்தார் ஒரு பழைய கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்துத் தொழுகை நடத்துகின்றனர். முனீர் ஐந்து வேளைத் தொழுகையும் தவறாதவர். ரமலான் மாதத்துச் சனிக்கிழமைகளில் இரண்டு பானைகளில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் வழக்கத்தை அங்கே தொடங்கியவர் அவரே. ஒன்றில் இறைச்சி சேரும். மற்றொன்று காய்கறிக் கஞ்சி, அக்கம்பக்கத்துப் பிற சமயத்தாருக்கு. அவர்களும் நோன்பு திறப்போருடன் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்பார்கள். காஞ்சிபுரத்தில் முனீரின் பக்கத்து வீட்டு நெசவாளர் உதயகுமார் சைவ உணவுக்காரர். அவர் வீட்டுக்கும் இவ்வாறே தனிப் பானைக் கஞ்சி செல்லும்.

இவ்வாண்டு ரமலானில், தாயாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காக முனீர் ஊருக்கு வந்திருந்தார். அப்போது, லீட்ஸ் குழுவில் புதிதாகச் சேர்ந்த இர்ஃபான் என்னும் பொறியாளர், நோன்பு திறக்குமிடத்தில் பிற சமயத்தார் அமரக் கூடாது என்று தீர்மானம் கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை இணையவழிக் கூட்டம். முனீரின் வீட்டில் இணைய இணைப்பு சரியில்லை. எனவே உதயகுமாரின் தறிக்கருகே அமர்ந்து கலந்துகொண்டார்.

"தறிய நிறுத்தட்டுமாபா?" என்றார் உதயகுமார்.

"நீ நெய்யிபா. அவங்க போடற சத்தத்துக்கு இது பரவால்ல."

இர்ஃபான் நிதானமாகவே பேசினார். "மார்க்க விஷயத்துல கலப்பு வேண்டாம் பாய். அவங்களுக்குப் பார்சல் குடுத்துடலாம்."

குழுவில் பாதிப்பேர் இசைந்தனர். முனீர் சற்று யோசித்தார்.

"தம்பி, எங்க தெருப் பள்ளிவாசல்ல ஒரு வழக்கம் இருக்குது. ஒரு வீட்டுக்குக் கஞ்சி குடுக்க வேணாம்னு சொல்றவரே அந்த வீட்டுப் படியேறிச் சொல்லணும். கீழ இருக்கிற மார்கரெட் அம்மா பத்து வருஷமா நமக்கு ஹீட்டர் போட்டு வெக்கிறாங்க. மேல வந்து உக்கார வேணாம்னு நாளைக்கு நீங்களே போய் அவங்ககிட்ட சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நானும் கையெழுத்து போடறேன்."

"சொல்றேன் பாய். இதுல என்ன இருக்கு?"

அழைப்பு முடிந்தது. உதயகுமார் தறியை நிறுத்தினார். "மெய்யாலுமே சொல்லிட்டான்னா?"

"கையெழுத்து போட்டுத்தான் ஆவணும். வாய விட்டுட்டேனே."

ஞாயிறு காலை இர்ஃபான் அழைத்தார்.

"சொல்லிட்டீங்களா தம்பி?"

"போனேன் பாய். கஞ்சிக்கு வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க. என் கையிலயும் ஒரு கத்தியக் குடுத்துட்டாங்க."

"அப்புறம்?"

"உரிச்சேன். அடுத்த வாரம் சொல்லலாம்னு..."

"அடுத்த வாரமும் வெங்காயம் இருக்கும் தம்பி."

இர்ஃபான் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக எவரிடமும் கூறவில்லை. ஆனால் ரமலான் முடியும்வரை அவர் மார்கரெட்டிடம் எதுவும் சொல்லவில்லை. தீர்மானத்தில் எவரும் கையெழுத்திடவுமில்லை. கடைசிச் சனிக்கிழமையன்று காய்கறிப் பானையை மாடிக்குத் தூக்கிச் சென்றவர் அவர்தாம்.