பெட்டியை விட்டுவிட்டுத் திரையைக் கொண்டுவந்தார்கள்

முதலில் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதினால் கோணலாகத்தான் வரும், மறதியும் அதிகம். அக்கா மகன், "வருஷ திதிக்கு நினைவு மலர் போடறேன், நாலு வரி எழுதிக் குடுங்க சித்தி" என்றான். நாலு வரியோடு நிற்கவில்லை. கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால் எழுதிவிடுகிறேன்.

அக்கா திருவெள்ளறையில் பிறந்தார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு வரை போன ஒரே பெண். கல்யாணமாகி உறையூருக்கு வந்தார்கள். அத்தான் சீக்கிரம் போய்விட்டார். கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போய் தமிழ் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக வேலை பார்த்து, அந்தக் குழந்தையை இன்ஜினியர் ஆக்கினார்கள். அப்போது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்போது "தெய்வம் மாதிரி இருந்தாங்க" என்கிறார்கள். தெய்வமெல்லாம் இல்லை. பசித்தது, கால் வலித்தது, வேலைக்குப் போனார்கள்.

அக்கா ஓய்வுபெற்றதும் மகன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். உறையூர் மாடி வீட்டு முன் அறையில் அதை வைத்து, அந்தத் தெருப் பெண்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் அண்ணன் ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னம்மா கம்ப்யூட்டர் டீச்சர், அமெரிக்காவுக்கு எப்ப டிக்கெட்டு?" என்றார்.

"நீங்க ஒரு நாள் முதல் வகுப்புக்கு வாங்கண்ணே, சேர்ந்தே போயிடலாம்" என்றார்கள் அக்கா.

பந்தியே சிரித்தது. அண்ணன் வரவேயில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதல் வகுப்பில் அக்கா மானிட்டரைத் துண்டால் மூடிவிடுவார்கள். "இது கம்ப்யூட்டர் இல்ல, வெறும் திரை. கம்ப்யூட்டர் கீழே இருக்கு பாருங்க, அந்தப் பெட்டி" என்பார்கள். பிறகு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டுவார்கள். சூடு தணிக்கிற ஃபேன், அதற்கு அடியில் கணக்கெல்லாம் போடுகிற சின்னச் சில்லு. "இந்தப் பட்டை அப்போதைக்கு ஞாபகம் வச்சுக்கும், கரண்ட் போனா எல்லாம் மறந்துடும். இது ஹார்ட் டிஸ்க். சேவ் பண்ணிட்டா கரண்ட் போனாலும் மறக்காது. என் தங்கச்சி முதல் ரகம்." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

"கீபோர்டும் மவுஸும் நாம சொல்றதை உள்ளே கொண்டுபோகும். திரையும் பிரிண்டரும் பதிலை வெளியே கொண்டுவரும். நடுவுல பெட்டி இல்லாட்டி ஒண்ணுமே இல்ல."

தையல் தைக்கிற பெண் ஒருத்தி, "தொட்டா கெட்டுப்போயிடுமா டீச்சர்?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டே கேட்பாள்.

"வீட்ல அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்களா? தொடு. கெட்டா நான் பாத்துக்கறேன்."

போன வருஷம் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. கழுத்தில் குழாய் வைத்திருந்ததால் பேச்சில்லை. உறையூர் வீட்டு மாடிப்படி ஏற்ற முடியாது என்று ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டு ஹாலில் கட்டில் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்கா மெல்லக் கையைத் தூக்கி மேலே காட்டினார்கள்.

"பெருமாளைக் காட்டறாங்க" என்றார் ஒருவர். கோயில் தீர்த்தம் கொண்டுவந்து உதட்டில் தடவினார்கள். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார்கள். மறுபடி மேலே காட்டினார்கள். "போறேன்னு சொல்றா" என்று அண்ணி அழ ஆரம்பித்தார். "நகையைப் பத்தி ஏதோ சொல்லணும் போல" என்றார் இன்னொருவர். பேனா பிடிக்கக் கையில் பலமில்லை. செல்போனை நீட்டினால் விரல் நடுக்கத்தில் எழுத்தெல்லாம் சிதறியது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு போர்வையில் விரலைத் தட்டினார்கள். "ஜபம் பண்றாங்க" என்றார்கள். ஜபமில்லை. எத்தனையோ வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த விரல், எனக்குத் தெரியாதா? டைப் அடித்தார்கள்.

"அண்ணே, அக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேணும்" என்றேன்.

"இந்த நேரத்துல கம்ப்யூட்டரா? உனக்குப் புத்தி இருக்கா?"

நான் விடவில்லை. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோவில் உறையூர் போனார். திரையையும் கீபோர்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"பெட்டி எங்கண்ணே?"

"எந்தப் பெட்டி? அந்தக் கரண்டுப் பெட்டியா? அது எதுக்கு, இங்கதான் கரண்ட் இருக்கே."

அக்கா இருட்டுத் திரையைப் பார்த்தார்கள், அண்ணனைப் பார்த்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நானே டவுன் பஸ்ஸில் உறையூர் போனேன். தையல்காரப் பெண் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு ஆட்டோவில் வந்தாள். காவிரிப் பாலம் முழுவதும் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தாள். ஒயர் எல்லாம் அவளே மாட்டினாள். கீபோர்டை அக்காவின் வயிற்றின் மேல் வைத்தோம். ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்கள். அண்ணன், அண்ணி, வந்தவர்கள் எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். வந்த வரி இதுதான்:

"லைட்டை அணைங்க. கண் கூசுது."

கட்டிலுக்கு நேர் மேலே டியூப்லைட். வந்த நாள் முதல் இரவு பகல் அணைக்காமல் எரிந்தது. நான்தான் போய் சுவிட்சை அணைத்தேன். அக்கா அன்று சாயங்காலம் வரை தூங்கினார்கள். பிறகு இருந்த கொஞ்ச நாளும் அந்த லைட்டைப் போட நான் யாரையும் விடவில்லை.

படுத்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பெட்டியை மாடியிலிருந்து இறக்கித் தந்த ஆட்டோ டிரைவருக்கும், தையல்காரப் பெண்ணுக்கும், அக்காவிடம் படித்து, கடைசி வரை வந்து பார்த்த பெண்களுக்கும் என் நன்றி. கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அண்ணிக்கும் நன்றி, அதை மறைக்க மாட்டேன்.

பெட்டிக்குள் இருக்கும் பாகங்களை நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் படித்தவர்கள் யாராவது அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் திருத்துங்கள். லைட் விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அந்த வரி பெட்டியில் இருக்கிறது. நான் சேவ் பண்ணியிருக்கிறேன்.