நெருப்பு வேண்டாம் என்றார் மாமனார்

படகு இன்ஜினை ரிப்பேர் செய்யத் துணி சோப்பும் வேண்டும் என்பது, கல்யாணமாகிக் கோவளத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இன்ஜினின் அடியில், தண்ணீருக்குள் சுற்றும் காத்தாடிக்கும் கீழே, ஓர் அலுமினியத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அதை றெக்கை என்பார்கள். படகு நேராகப் போவது அதனால்தான். அலையோடு கரை ஏறும்போது, தரை தட்டுவதற்கு முன்னால் இன்ஜினைச் சாய்த்துத் தூக்கிவிட வேண்டும். கண் கொஞ்சம் ஏமாந்தால் போச்சு, றெக்கை கல்லில் இடித்து வளைந்துவிடும். அப்புறம் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும்.

நிமிர்த்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. தகட்டில் சோப்பைத் தேய்த்து மெல்ல நெருப்பு காட்ட வேண்டும். சோப்பு கறுத்துவிட்டால் அலுமினியம் இளகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தினால் சொன்னபடி கேட்கும். சூடு காட்டாமல் சுத்தியலை எடுத்தால் உடைந்துவிடும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மாமனார்தான். தெரியாமல் செய்தார் என்று யாரும் அவருக்காகப் பேச வராதீர்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. றெக்கையை வளைத்தவன்தான் அதை நிமிர்த்த வேண்டும். அதுவும் மீன் ஏலம் விடுகிற இடத்தில், எல்லாருக்கும் முன்னால். சாதாரணமாக அது கேலியும் கூத்துமாகத்தான் நடக்கும். "இன்னா மச்சான், கல்லுக்கு முத்தம் குடுத்தியா?" என்பார் ஒருத்தர். இன்னொருத்தர் பலகையைப் பிடித்துக்கொள்வார், டீ வரும், வேலை முடிந்துவிடும்.

இது நடந்த மாதம் வீட்டில் ஒரே பேச்சு, மாமனாருக்குப் பிறகு படகை ஓட்டும் இன்ஜின் பிடி எந்தப் பிள்ளைக்கு என்பதுதான். மூத்தவருக்குக் கடலில் அவ்வளவாக மனம் கிடையாது. என் கணவர் இளையவர். அந்தப் பிடியைத் தவிர வேறொன்றையும் நினைக்காமல் வளர்ந்த மனிதர். தூக்கத்தில்கூட அவர் கை இன்ஜினைப் பிடித்திருப்பதுபோல மடங்கியிருக்கும்.

அன்று அப்பாவும் பிள்ளையும் மட்டும் போயிருந்தார்கள். ஏலம் முடிந்து கரை காலியான பிறகுதான் திரும்பி வந்தார்கள். கூடையோடு நான் ஒருத்திதான் நின்றிருந்தேன். முன்னால் கயிற்றோடு என் கணவர். பின்னால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு மாமனார். "நைனா, தூக்கு! கல்லு!" என்று இவர் கத்தியது என் காதில் விழுந்தது. எதிரே கருங்கல் குவியல் பளிச்சென்று தெரிகிறது, மாமனார் தூக்கவில்லை. அவருக்கு அது தெரியவில்லை. றெக்கை கல்லில் இடித்த சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று இரவு முழுக்க நான் அவரோடு சண்டை போட்டேன். "கண்ணு தெர்லன்னு ஊருக்குத் தெரிஞ்சா நைனா தாங்கமாட்டாரு. நாளைக்கு நிமித்திட்டா முடிஞ்சிச்சு. நீ வாயத் தொறக்காத" என்றார் என் கணவர். இன்ஜினைப் பிடித்திருந்தது தான்தான் என்று பழியைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டார், மகராசன்.

மறுநாள் ஏலம் நடக்கிற இடத்தில் சோப்பு, பலகை, சின்ன கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். மாமனார் வந்தார். சிலிண்டரைக் காலால் தள்ளிவிட்டார். "நெருப்பு வேணாம். கையாலதான வளைச்ச? கையாலயே நிமித்து" என்றார். "ஒடஞ்சிடும் நைனா" என்று இவர் கெஞ்சினார். மாமனார் இரும்புச் சுத்தியலை எடுத்து இவர் மடியில் போட்டார். "அடி. ஊரு பாக்கட்டும்."

அடித்தார். நாலைந்து அடியில் றெக்கை உடைந்து மணலில் விழுந்தது. மாமனார் அந்தத் துண்டைத் தடவி எடுத்தார், நைலான் கயிற்றில் கட்டினார், பெற்ற பிள்ளையின் கழுத்தில் மாட்டினார். "வூட்டு வரைக்கும் போட்டுகினு போ. பிடி பெரியவனுக்கு" என்றார். என் கணவர் அதோடுதான் தெரு முழுக்க நடந்து வந்தார். நான் பின்னாலேயே வந்தேன். பாவி மனுஷன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு மாமனாரைவிட இவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறோம். என் கணவர் மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போகிறார், கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும். படகு மூத்தவரிடம் இருக்கிறது. மாமனார் எங்களிடம் இருக்கிறார். கண் தெரியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மூத்தவர் கொண்டுவந்து விட்டுவிட்டார். சோறு பிசைந்து கையில் கொடுப்பது நான்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனாருக்கு ஒரே கதை: "என் சின்னவன் கை பட்டா எந்த இன்ஜினும் உருப்படாது. றெக்கைய ஒடச்சான் பாரு!" பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். என் கணவரும் கூடவே சிரிப்பார்.

போன வாரம் வீட்டு ஓனரம்மாவிடம் அதையே ஆரம்பித்தார். அந்தம்மா போனதும் எனக்குத் தாங்கவில்லை. சோற்றுத் தட்டை எதிரில் வைத்துக் கேட்டேவிட்டேன்: "மாமா, அன்னிக்கு இன்ஜினப் பிடிச்சிருந்தது யாரு? நான் கரையில நின்னு பாத்தேன்."

அவர் திடுக்கிடவில்லை. தட்டைத் தடவி, சோறு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

"நான்தான். எனுக்குத் தெரியாதா? அவுனுக்கு வாய் கீதுல்ல, சொல்றதுதான? கண்ணு தெரியாதவன் கரை ஏத்துனா இன்னா ஆவும்னு தெரிஞ்சும் சொல்லாதவன் கையில படகக் குடுத்தா, ஆளுங்களக் கடல்ல போட்டுட்டு வருவான்."

நான் திரும்பினால் கதவருகில் என் கணவர். ஷிப்ட் முடிந்து வந்தவர், ஒரு கால் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அதை மெல்லக் கீழே வைத்தார். உள்ளே வந்து, அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"கொளம்பு போதுமா நைனா?" என்றார்.