படலை திறந்திருக்கிறது, அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் "அந்த விஷயத்தை" எழுத வேண்டாம் என்று உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். கொழும்பில் இருக்கும் மாமா தொலைபேசியில், "அக்காவைப் பற்றி நல்லதாய் நாலு வரி எழுது, தம்பி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்ச கதை வேண்டாம்" என்றார். மாமாவில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கதையை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி நல்லதாய் எழுத எனக்கு வராது. பிடிக்காதவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்ப் பின்னால் உள்ள குடும்பப் படங்களைப் பார்க்கலாம்.

அக்கா திருகோணமலை லிங்கநகரில், துறைமுகத்தில் கூலி வேலை செய்த தந்தைக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, என்னை வளர்த்தது அவர்தான். கல்யாணம் பேசி வந்தவர்களிடம், "இவன் சோதனை பாஸ் பண்ணட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பாஸ் பண்ணப் பிந்திவிட்டேன். வந்தவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அதைப் பற்றி ஒருநாளும் அவர் குறை சொன்னதில்லை. அவர் சமைக்கும் சொதியைப் பற்றி நான்தான் குறை சொல்லியிருக்கிறேன். அது குறை சொல்ல வேண்டிய சொதிதான்.

பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதாக அவருக்குக் கிடைத்த வேலை மூதூர்ப் பக்கம். கட்டைபறிச்சான், தோப்பூர் என்று அவர் கால் படாத ஒழுங்கை இல்லை. யுத்த காலத்தில் வீதி மூடப்பட்டபோது, வலி கண்ட பெண்களை வள்ளத்தில் ஏற்றிக் கொட்டியாரக் குடாவைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார். ஒரு பிள்ளை வள்ளத்திலேயே பிறந்தது. தமிழர், முஸ்லிம்கள் என்று பாராமல் எல்லா வீட்டிலும் "மிஸ்ஸி" என்றால் அவர்தான். ஆறடி உயர மீனவர்களைப் பார்த்து, "உன்னைத் தராசிலை போட்டு நிறுத்தவள் நான், எனக்கு முன்னாலை நெஞ்சை நிமித்தாதை" என்று அவர் சொல்வதும், அவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பதும் கண்கொள்ளாக் காட்சி.

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய பின் எங்கள் மெதடிஸ்த சபைதான் அவருடைய முழுநேர வேலையானது. எங்கள் சபையில் போதகர் மட்டும் பிரசங்கம் செய்வதில்லை. பயிற்சி பெற்ற சபையாருக்கும் முறை உண்டு. அந்தப் பிரசங்க அட்டவணையில் அக்காவின் பெயர் பல வருடங்களாக இருந்தது. வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று, "ஆண்டவரே, உமக்கு விருப்பமான இடத்தில் எங்களை வையும்" என்ற கருத்தில் வாக்குக் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறோம். அக்கா அந்த வாக்கை உண்மையென்று எடுத்துக்கொண்டார். அவரிடம் ஒரு பிழை சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆலயத்துக்குப் பின்னால் உள்ள கரையில் எங்கள் சபையாரும், சைவ மக்களும், முஸ்லிம் மக்களுமாகப் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோணி இழுத்து மீன்பிடித்து வந்தார்கள். ஒரு விடுதிக் கம்பனி பக்கத்துக் காணியை வாங்கி, கரைக்குப் போகும் பாதையையும் சேர்த்துக் கம்பி வேலி அடித்தது. தோணி எல்லாம் வேலிக்கு உள்ளே, ஆட்கள் வெளியே. அந்தக் கம்பனி முதலாளிதான் எங்கள் ஆலயக் கூரைக்கு ஓடு வாங்கித் தந்தவர். அவருடைய பெயரை எழுதமாட்டேன். இது அவருடைய மலர் இல்லை.

அந்த வருட அறுவடை நன்றி ஆராதனைக்கு அவரே பிரதம விருந்தினர். வழக்கம்போலப் பூசணியும் வாழைக்குலையும் தோப்பூர் நெற்கதிரும் முன்னால் நிறைந்து கிடந்தன. ஒவ்வொருவராகக் காணிக்கை கொண்டுபோகையில், அக்கா ஒரு மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவால் நடந்து போனார். திருவிருந்து மேசைக்கு முன்னால் அதை வைத்தார். கூடை வெறுமையாக இருந்தது.

"என்ன அக்கா இது?" என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

"எங்கடை சபை மீன்காரற்றை காணிக்கை, ஐயா. இந்த முறை அவைக்குப் பட்டது இவ்வளவுதான்."

மத்தியானம் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டபோது, ஏலம் கூறியவர் கூடையைப் பார்க்காதவர் போலத் தாண்டிப் போனார். "ஏன் விட்டனீங்கள்? கூறுங்கோ" என்றார் அக்கா. ஒருவரும் விலை கேட்கவில்லை. நிலைமையைச் சமாளிக்க நினைத்த முதலாளி சிரித்துக்கொண்டு, "சரி, நானே எடுக்கிறேன்" என்றார்.

"உங்களுக்கு விக்க ஏலாது" என்றார் அக்கா. "கரையை எடுத்திட்டீங்கள். கூடையையும் தந்தால் அவை எதோடை கடலுக்குப் போறது?"

முதலாளி தேநீர் குடிக்காமலே போனார். அடுத்த அட்டவணையில் அக்காவின் பெயர் இல்லை. வயதைக் கருதி ஓய்வு கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். கோயிலுக்குள்ளே அரசியல் கூடாது என்று ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார். அக்கா அவருக்குக் கதிரை போட்டு, கோப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "முதலாளி முன் வாங்கிலை இருந்தால் ஆராதனை. மீன்காரன் முன்னுக்கு வந்தால் அரசியலோ?" வந்தவர் கோப்பி நல்லாயிருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு ஞாயிறும் ஆராதனையைத் தவறவிட்டதில்லை. மன்னிப்புக் கேட்டதுமில்லை. ஆராதனை முடிந்ததும் நேரே வேலியடிக்குப் போய் மீனவக் குடும்பங்களோடு வெயிலில் உட்கார்ந்துவிடுவார். அவர்களோடு மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு நடந்து நடந்து அவருடைய செருப்புத் தேய்ந்தது. முழங்கால் வீங்கியது. கடைசியில் அதிகாரிகள் வந்து பழைய வரைபடத்தைப் பார்த்து, அது பொதுப் பாதைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். வேலியில் ஆட்கள் போய்வர ஒரு படலை வைக்க வேண்டும், அது எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று முடிவானது.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கடைசி நாட்களில் அவருக்கு என்னுடைய பெயர்கூடச் சில வேளை தடுமாறியது. ஆனால் நான் போகும் ஒவ்வொரு தரமும், "படலை திறந்திருக்கோ?" என்று கேட்பார். "ஓம் அக்கா, திறந்திருக்கு" என்பேன். நான் ஆலயப் பக்கமாகத்தான் வருவேன், பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல்லும் அதுதான்.

இனி மாமா வேண்டாம் என்ற இடத்துக்கு வருகிறேன். நல்லடக்க ஆராதனை முடிந்து, பெட்டியை ஆலயத்துக்கு வெளியே கொண்டுவந்து தோளில் ஏற்றிய நேரம். மூதூரில் இருந்து வந்து எங்கள் கரையில் தொழில் செய்யும் றசீத் காக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. முதலில் அழுகை என்று நினைத்தேன்.

"தம்பி, சொல்லுற நேரமில்ல இது. படலையப் பூட்டிட்டானுகள். விடியக் கடலுக்குப் போன நம்மட பொடியனுகள் வெளிய வர ஏலாம உள்ளுக்க நிக்கிறானுகள். மிஸ்ஸி மவுத்தாகிட்டா, இனி ஆர் கேக்கப்போறா எண்டுதான் செஞ்சிருக்கானுகள்."

அக்காவுக்கு நான் சொன்ன கடைசிச் சொல்லை, அவரைப் புதைக்கும் முன்னரே பொய்யாக்கிவிட்டார்கள். மயானம் வலப்பக்கம். கரை இடப்பக்கம். "இடப்பக்கம் திருப்புங்கோ" என்றேன். பெட்டி தூக்கியவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பவும் சொன்னேன். மாமா என் கையைப் பிடித்து, "உனக்கென்ன விசரா? பிரேதத்தை வைச்சு அரசியல் செய்யிறியோ?" என்றார். பெட்டி திரும்பிவிட்டது.

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். அட்டவணையில் இருந்து அக்காவின் பெயர் எடுக்கப்பட்ட கூட்டத்தில் அவரும் இருந்தவர்தான். அங்கியைச் சரிசெய்துகொண்டார். பிறகு பெட்டிக்கு முன்னால் போய் நடந்தார். அவருக்குப் பின்னால் பாட்டு எழும்பியது.

படலையில் ஒரு வயதான காவலாளி நின்றார். உள்ளே வலையோடு இளைஞர்கள், வெளியே வெள்ளை உடுத்த சனம், நடுவில் என் அக்கா. காவலாளி யாருக்கோ தொலைபேசி எடுத்துப் பார்த்தார். பதில் இல்லை. போதகர், "ஐயா, இந்த அம்மா கரைக்குப் போகவேணும். திறந்துவிடுங்கோ" என்றார். காவலாளி பெட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். திறப்பைப் போட்டுப் பூட்டைத் திறந்து, இரண்டையும் சேர்த்து என் கையில் திணித்தார். "நீங்களே கொண்டுபோங்கோ, ஐயா. என்னட்டை இருந்தால் திருப்பிப் பூட்டச் சொல்லுவாங்கள்" என்றார்.

மணலில் பெட்டியை இறக்கி வைத்து ஒரு ஜெபம் செய்தோம். முஸ்லிம் சகோதரர்கள் கையேந்தி நின்றார்கள். உள்ளே நின்ற இளைஞர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். அதன் பின்தான் மயானத்துக்குப் போனோம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வாழ்நாளெல்லாம் அக்கா நடந்த பாதை அது. ஒருமுறை அவரைச் சுமந்துகொண்டு நடந்தோம், அவ்வளவுதான்.

நன்றி சொல்லும் கடமை பாக்கி இருக்கிறது. அக்காவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர்களுக்கு நன்றி. சபைக் கூட்டத்தின் தீர்மானத்தைவிட மனச்சாட்சி பெரியது என்று நடந்து காட்டிய போதகருக்கு நன்றி. அன்று சமைக்க ஆளில்லாத எங்கள் வீட்டுக்குக் குசினி வரை வந்து உணவு தந்த றசீத் காக்காவின் குடும்பத்துக்கு நன்றி. வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட அந்தக் காவலாளிக்கு, எங்கிருந்தாலும், நன்றி. கோபத்தோடென்றாலும் கடைசிவரை எங்களோடு நடந்து வந்த மாமாவுக்கும் நன்றி. இந்த வருட அறுவடை ஆராதனைக்கும் அக்காவின் கூடை வரும். நான் கொண்டு வருவேன்.

இன்று காலையும் கரைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதி முடிக்கிறேன். படலை திறந்திருக்கிறது. பூட்டு எங்கள் வீட்டு அலுமாரியில், அக்காவின் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் சொந்தக்காரருக்கு அது வேண்டுமென்றால் எந்த நேரமும் வந்து என்னிடம் கேட்கலாம். எங்கள் வீட்டுப் படலைக்குப் பூட்டு இல்லை.