அக்காவின் பட்டமும் நாலு ஏக்கரும்

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மாமா பென்சிலால் எழுதியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இடது பக்கத்தில் கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, விமானக்காசு என்று நீளமான பட்டியல். வலது பக்கத்தில் ஒரேயொரு வரி, அக்கா படித்து முடித்தால் எடுக்கப்போகும் சம்பளம். அந்த ஒற்றை வரிக்குக் கீழே மாமா இரண்டு கோடு இழுத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “ரெண்டு வருசத்தில கடன் முடிஞ்சிரும் அக்கா” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா எழுத்து வாசிக்கத் தெரியாதவள். இருந்தும் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

அக்காவுக்கு மருத்துவத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை. ஷெல் விழுந்த மாதத்தில் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு அதுவே பெரிய புள்ளி என்று அம்மா கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். பிறகு சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியலுக்கு இடம் கிடைத்தது. ஆசுபத்திரி மிசின்களைச் செய்யவும் திருத்தவும் படிக்கிற படிப்பு என்று அக்கா எங்களுக்கு விளக்கினாள். அப்பா இல்லை. வயலுக்குப் போன அவரை ஒருநாள் வழியில் மறித்து இறக்கிக் கொண்டுபோனார்கள், அதோடு சரி, திரும்பி வரவில்லை. ஆகவே யோசிக்க வேண்டியவர்கள் அம்மாவும் அம்மாவின் தம்பியான மாமாவும்தான்.

எங்களிடம் இருந்ததெல்லாம் கிரான் ஊருக்கு அப்பால், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் நாலு ஏக்கர். எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைகளோடு போகும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார், காணியில்லாத வீட்டுக்கு வர யோசிப்பார். இரண்டு ஏக்கர் அக்காவுக்கு, இரண்டு எனக்கு என்று நாங்கள் பிறந்தபோதே பேச்சு. கல்லூரிக் காசுக்கு அக்காவின் பங்கு போதாது. சமைத்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, “உன்ர பங்கையும் சேர்த்துத்தான் குடுக்கணும் புள்ள. உனக்கு மனமா?” என்று கேட்டாள். எனக்குப் பதினாறு வயது. யோசித்துப் பதில் சொன்னால் கலியாண ஆசை என்று நினைப்பார்களே என்ற வெட்கத்தில், “குடுங்க” என்று உடனே சொல்லிவிட்டேன். நாலு ஏக்கர் போனது அந்த வெட்கத்தில்தான்.

அப்படியொரு எஞ்சினியரை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை. என்ன சம்பளம் வரும் என்று யாருக்குத் தெரியும்? மாமா சைக்கிளில் ஏறாவூருக்குப் போய், பிடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரான காக்காவிடம் கேட்டு வந்தார். காக்காவின் மருமகன் சவூதியில் ஓர் ஆசுபத்திரியில் இதே வேலை பார்க்கிறானாம். காக்கா சொன்ன தொகையில் ஒரு சதமும் பொய்யில்லை. அதைத்தான் மாமா வலது பக்கத்தில் எழுதினார். எழுதிவிட்டு அக்காவைப் பார்த்து, “என்ன புள்ள, உனக்கும் இதே சம்பளந்தானே வரும்?” என்று கேட்டார். அக்கா அம்மாவைப் பார்த்தாள், பிறகு தாளைப் பார்த்தாள். “ஓம் மாமா” என்றாள்.

சித்தாண்டியில் நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒருவர் காணியை ஒத்திக்கு எடுத்தார். வாங்கிய காசைத் திருப்பும்வரை விளைச்சல் அவருக்கு, வட்டி கிடையாது. இரண்டாம் வருடம் சண்டை மூண்டு, வட்டைக்குப் போகிற பாதையை அடைத்தார்கள். போடியார் எங்கள் வாசலில் வந்து நின்று அம்மாவிடம், “தங்கச்சி, நெல்லை நம்பித்தான் காசு தந்தன். இப்ப காணியைக் கண்ணாலயும் பார்க்கேலாம கிடக்கு. நானும் புள்ளகுட்டிக்காரன்” என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து வட்டி ஓடத் தொடங்கியது. படிப்பை நிறுத்தச் சொல்வோமா என்று அம்மா கேட்டதற்கு மாமா, “பாதிப் பட்டம் எண்டு ஒண்டு குடுக்கிறாங்களா அக்கா?” என்றார். சிரிப்பதற்குச் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

அக்கா முழுப் பட்டத்தோடுதான் வந்தாள். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் அப்படியொரு பதவியே வேலைப் பட்டியலில் இல்லை என்றார்கள். வெளிநாட்டு வேலை முகவர் அவளுடைய சான்றிதழை விரித்துப் பார்த்துவிட்டு, “பொம்புள எஞ்சினியர ஆரும் கேட்கல்ல மிஸ். வீட்டு வேலைக்கெண்டா நாளைக்கே விசா இரிக்கு” என்றாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னாள்.

அந்த விசாவில் போனது நான்.

ஐந்து வருடம் அடுத்தவரின் குசினியில் நின்றேன். அங்கே மீன் சுற்றிவந்த பழைய தமிழ்ப் பத்திரிகைகளை வாசித்துத்தான் இப்படி எழுதப் பழகினேன். அக்காவை ஊர் ஆசுபத்திரி ஒன்று நாட்சம்பளத்துக்கு எடுத்தது. தாதிமார் அவளுக்கு ‘மிசின் மிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய சம்பளம் பஸ் காசுக்கும் அம்மாவின் மருந்துக்கும் சரி. போடியாருக்குப் போனது என் காசு. ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள்: “குழந்தைகளைச் சூட்டில் வைக்கிற பெட்டி இரண்டு பழுது. ஒன்றைத் திருத்திவிட்டேன். மற்றதற்குரிய சாமான் கொண்டுவர அனுமதி இல்லை.” மற்றப் பெட்டியில் வைக்கவேண்டிய பிள்ளையைப் பற்றி அவள் எழுதவில்லை.

காணி மீண்ட பிறகு வீட்டுக்கு வந்தேன். முதல் நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள். “அந்தக் கணக்குப் பிழையெண்டு எனக்கு அப்பவே தெரியும் புள்ள. அது ஆம்புளைக்கு, அதுவும் அங்க போனவனுக்குக் கிடைக்கிற சம்பளம். இல்லையெண்டு சொல்லியிருந்தா என்னைப் படிக்க விட்டிருக்க மாட்டாங்க.” ஐந்து வருடமாக யாரில் கோபிப்பது என்று தெரியாமல் இருந்தவள் நான். அதற்குரிய ஆள் முன்னால் கறிச்சட்டியோடு நின்றாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

இப்போது பாதை திறந்துவிட்டது, நாலு ஏக்கரும் விளைகிறது. அக்கா தன் பங்கையும் என் பெயருக்கு எழுதிவிட்டாள். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், “எனக்குக் காணி இல்ல” என்று தானே சொல்லி அனுப்பினாள். அதோடு எனக்குப் பட்ட கடன் தீர்ந்தது என்று அவள் நினைத்திருக்கலாம். நான் காணிக்காக ஏங்கவில்லை. அந்தக் கணக்குப் போட்ட நாளில், அம்மா, மாமா, அக்கா மூன்று பேரில் ஒருவராவது என் பக்கம் திரும்பி, “நீ என்ன படிக்கப்போறாய்?” என்று கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒரே பானையில்தான் சாப்பிடுகிறோம். இதை மட்டும் அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.